ஜூன் பன்னிரண்டு முதல் வந்த பேப்பர்கள்

நாக்பூர்
3.2.2025

விருதுநகர் குத்தூஸ் பேப்பர் ஸ்டோர் உரிமையாளர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நான் இங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன மாதம் இங்குள்ள தமிழ் எஞ்சினியர் ஒருவருக்குத் தங்கள் கடையிலிருந்து பார்சல் வந்தது. அவர் பிறந்த அன்று வெளியான செய்தித்தாளாம். பின்னாளில் அச்சடித்த நகல் இல்லை, அன்றைக்கு வந்த அதே பேப்பர் என்று ஆபீஸ் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். பார்சல் மேல் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 1996 ஜூன் 12 முதல் ஜூலை 31 வரை மதுரைப் பதிப்பாக வந்த தமிழ்ப் பேப்பர்கள் வேண்டும். முதல் பக்கம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. உள்ளே சிறு விளம்பரங்கள் வரும் பக்கம் முழுசாக இருக்க வேண்டும். போனில் பேச எனக்கு வசதிப்படாது. கடிதத்திலேயே பதில் எழுதினால் நல்லது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
எம். கான்

*

விருதுநகர்
14.2.2025

மதிப்பிற்குரிய கான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். போன் நம்பர் இல்லாமல் ஆர்டர் கொடுத்த முதல் ஆள் நீங்கள்தான். பிறந்த நாள் பேப்பர் கேட்கிறவர்கள் ஒரு தேதிதான் கேட்பார்கள். கலியாண நாள் கேட்பவர்களும் அப்படித்தான். போன வாரம் ஒருவர், தான் பிறந்த அன்று முதல் பக்கத்தில் பஸ் கவிழ்ந்த செய்தி இருக்கிறது, வேறு நல்ல செய்தி வந்த பேப்பராக மாற்றித் தாருங்கள் என்று சண்டை போட்டார். அவரிடம்கூட நான் பேசிச் சமாளித்துவிட்டேன். ஆனால் ஒன்றரை மாதப் பேப்பரை மொத்தமாகக் கேட்டு இதுவரை யாரும் எழுதியதில்லை.

இதற்கு மேல் வியாபாரக் கடிதம் எழுத எனக்குக் கை ஓடவில்லை. 1996 ஜூன் பதினொன்றாம் தேதி சாயங்காலம் எங்கள் அண்ணன் உபைதுல்லா வீட்டை விட்டுப் போனான். அவனுக்குப் பதினேழு வயது, எனக்கு ஒன்பது. அதற்கு மறுநாளிலிருந்து பேப்பர் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். போனில் குரல் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

அண்ணே, நீதானே? இல்லையென்றால் மன்னித்துவிட்டு இதைக் கிழித்துப் போடுங்கள். ஆமாம் என்றால் ஒரு வரி எழுதினால் போதும்.

பல்கீஸ்

*

நாக்பூர்
2.4.2025

தங்கை பல்கீசுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று முன்தினம் பெருநாள் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். இதற்கு மேல் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை. ஆமாம், நான்தான்.

நல்ல சுகத்தோடு இருக்கிறேன். வீட்டுக்காரி இந்த ஊர்ப் பெண், தமிழ் தெரியாது. ஒரு மகள், ருக்சானா, பதினோரு வயது. உனக்குக் கலியாணம் ஆகிவிட்டதா? எத்தனை பிள்ளைகள்? பக்கத்து வீட்டு மரைக்காயர் மாமா இருக்கிறாரா? பஜார் அப்படியே இருக்கிறதா?

அன்றைக்கு நடந்ததை நீ கடை வாசலில் நின்று பார்த்தாய். லோடு போட்டு வாங்கிய காசில் மேட்னி ஷோவுக்குப் போனேன், தப்புதான். பஜாரே பார்க்க, தராசுக் கோலால் அடி வாங்கினேன். அடி வலிக்கவில்லை. "போலே, போ. ஒரு நாள்கூட ஒன்னயத் தேடமாட்டேன்" என்ற பேச்சுத்தான் இன்னும் காதில் இருக்கிறது.

மெட்ராஸில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்தேன். அங்கே வரும் பேப்பரில் தினமும் "காணவில்லை" விளம்பரங்களைப் பார்ப்பேன். ஒரு வருஷம் பார்த்தேன். மதுரைப் பதிப்பில் வரும் நம் பக்கத்து விளம்பரம் மெட்ராஸ் பதிப்பில் வராது என்று ரொம்பப் பின்னால்தான் ஒருவர் சொன்னார். அதனால்தான் அந்தப் பேப்பர்களைக் கேட்கிறேன். தேடியிருந்தால் வருகிறேன். தேடவில்லை என்றால் இப்படியே இருந்துவிடுகிறேன். உன் வாய் வார்த்தை வேண்டாம், பல்கீஸ். அச்சில் பார்த்தால்தான் நம்புவேன்.

நான் எழுதியது வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். என் விலாசத்தை யாருக்கும் கொடுக்காதே. போன் நம்பர் கொடுத்தால் நீ அடுத்த நிமிஷமே போனைக் கொண்டுபோய் இன்னொருவர் காதில் வைத்துவிடுவாய்.

உன் துஆவில் எனக்கும் இடம் கொடு.
உபைது

*

விருதுநகர்
14.4.2025

அண்ணே, ஸலாம்.

உன் கடிதத்தைக் குடோனுக்குள் போய் நின்று படித்தேன். அழுதேன். அப்புறம் உன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லையே, நீயெல்லாம் ஒரு மனுசனா? திட்டி முடித்துவிட்டேன். இனி சுகம் விசாரிக்கிறேன். நீ, மைனி, ருக்சானா மூவரும் நலமாக இருக்க அல்லா கிருபை செய்யட்டும்.

எனக்குக் கலியாணம் ஆகி இரண்டு பையன்கள். உன் மச்சான் கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மரைக்காயர் மாமா தவறிப்போய்ப் பல காலம் ஆகிறது. நீ மாமாவைக் கேட்டாய், பஜாரைக் கேட்டாய், ஒருவரை மட்டும் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அத்தா நன்றாக இருக்கிறார். எழுபத்து நாலு வயது. இன்றைக்கும் பழைய பேப்பர் லோடைத் தானே எடை போட்டு அனுப்புகிறார். அம்மா மவுத்தான பிறகு நம் இருவரையும் ஒற்றை ஆளாக வளர்த்தவர் என்பதை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

நம் கடைப் பேப்பர் இப்போதும் எம். புதுப்பட்டிக்குத்தான் போகிறது, பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட. போகிற கட்டுகளுக்குள் பழைய வருஷப் பேப்பர் ஏதாவது இருந்தால் நான் உருவி வைத்துக்கொள்வேன். அப்படி ஆரம்பித்ததுதான் என் வியாபாரம். "நேத்துப் பேப்பரையே எவனும் தொடமாட்டான், நாப்பது வருசத்துப் பேப்பர வாங்க வரிசையில நிக்கானாக்கும்" என்று அத்தாவுக்கு இன்னும் கிண்டல்தான்.

உன் தேதிகள் என் கையில் இரண்டு மூன்றுதான் இருக்கின்றன. மற்றவற்றைத் தேடுகிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். சத்தியம்.

பல்கீஸ்

*

நாக்பூர்
5.5.2025

பல்கீசுக்கு,

எல்லாரும் சுகம்தானே. இங்கே வெயில் தாங்க முடியவில்லை. இத்துடன் ருக்சானா போட்டோ வைத்திருக்கிறேன். உன் சாயல் என்று எனக்குத் தோன்றுகிறது. "அப்பா, உங்க ஊர்ல நமக்கு யார் இருக்காங்க?" என்று இந்தியில் கேட்கிறாள். அத்தை இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பேப்பர் கிடைத்ததா?

உபைது

*

விருதுநகர்
2.7.2025

அண்ணே,

அல்லா உன் மனசுக்குத் தைரியம் தரட்டும். ருக்சானா போட்டோவை என் பீரோவில் துணிக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். என் சாயல் இல்லை. சத்தியமாக அத்தா சாயல்.

பேப்பர் கிடைத்துவிட்டது. காரியாபட்டிப் பக்கம் ஒரு படிப்பகத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டுகளையெல்லாம் ஆட்டோவில் ஏற்றி முடித்திருந்தார்கள். ஒரு நாள் பிந்தியிருந்தால் எல்லாம் குழாயாகிப் போயிருக்கும். ஜூன், ஜூலை முழுசாக இருந்தது. பூச்சி அரித்தது இரண்டே நாள் பேப்பர்தான், அவற்றையும் வேறு இடத்தில் பிடித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் படித்தேன், அண்ணே. வரி விடாமல் படித்தேன். ஆனைக்குட்டத்தில் ஒரு செவலைப் பசுவைக் காணவில்லை என்று விளம்பரம் இருக்கிறது. லாரி பர்மிட் தொலைந்திருக்கிறது. மூன்று பையன்களைத் தேடியிருக்கிறார்கள், "அம்மா படுத்த படுக்கை, உடனே வரவும்" என்று. உன் பெயர் இல்லை.

ஒன்றை மறைக்க எனக்கு மனசில்லை. பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. பழைய தாள், பழைய எழுத்து, நீ கேட்கிற விளம்பரம் எல்லாம் சேர்த்து மத்தியானத்துக்குள் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். உனக்கு வித்தியாசம் தெரியாது. அச்சகத்து வாசல் வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. ஒரிஜினல் அல்லாத ஒரு தாளை நான் இதுவரை விற்றதில்லை, முதல் பொய்த் தாளை உனக்கா அனுப்புவேன்?

கட்டை அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் நீ வர வேண்டும். நான் கூப்பிடுகிறேன், அது போதாதா?

பல்கீஸ்

*

விருதுநகர்
10.8.2025

அண்ணே,

சுகம்தானே? பார்சலை வாங்கிக்கொண்டதாகத் தகவல் வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் தபால்காரரைப் பார்த்தாலே வாசலுக்கு ஓடினேன். இப்போது அவரே தூரத்தில் வரும்போது கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

நீ பேசாமல் இருந்தால் நான் என் சத்தியத்தில் பாதியை உடைப்பேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

பல்கீஸ்

*

விருதுநகர்
5.9.2025

அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும்.

உடைத்துவிட்டேன். நீ உயிரோடு சுகமாக இருக்கிறாய் என்று அத்தாவிடம் சொன்னேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, விலாசம் கொடுக்கவில்லை. அந்தப் பாதி சத்தியம் அப்படியே இருக்கிறது.

எடை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் டீ கொண்டுபோனபோது நானே கேட்டேன்.

"ஏன் அத்தா, அண்ணன் போனப்ப பேப்பர்ல போட்டிருக்கலாம்ல?"

"பேப்பர்ல போட்டா எம்புட்டு நாளைக்கு? ஒரு நாளு. மறு வாரம் அது எங்கிட்டத்தான் கட்டுக்கட்டா வருது. அதுக்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். டீயைக் கீழே வைத்தார். "எப்படியும் வெடிக்குள்ள போற பேப்பருதான. அதான் நேரா வெடிக்குள்ளயே போட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். சிவகாசியில் நோட்டீஸ் அடித்திருக்கிறார். உன் பள்ளிக்கூடப் போட்டோ, பேர், நம் கடை விலாசம், கீழே "எங்கன இருந்தாலும் வாலே" என்று அவர் பேச்சிலேயே ஒரு வரி. அதைப் பழைய பேப்பரோடு கலந்து எம். புதுப்பட்டிக்குக் குழாய் உருட்ட அனுப்பியிருக்கிறார். ஒரு தடவை இல்லை, மூன்று சீசன்.

"இங்கன செய்ற வெடி டெல்லிக்குப் போகுது, கல்கத்தாவுக்குப் போகுது. எங்கன வெடிச்சாலும் பேப்பரு பறக்கும்ல? ஒண்ணாவது அவன் கண்ணுல படாதா?"

"வடக்க யாரு அத்தா தமிழ் படிப்பா?"

"அவன் படிப்பான்ல. மத்தவன் படிக்கவா அடிச்சேன்?"

சிரித்துவிட்டேன் அண்ணே, சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் நான் வியாபாரி, சரி பார்க்காமல் எதையும் ஒரிஜினல் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் எம். புதுப்பட்டிக்குப் போய், அந்தக் காலத்தில் குழாய் உருட்டிய சண்முகத்தாய் அம்மாவிடம் கேட்டேன். "குத்தூஸ் பாய் மகன் மொகந்தான? உருட்டி உருட்டி எனக்கே மனப்பாடம். மொகம் வெளிய தெரியிற மாதிரி உருட்டுங்கம்பாக. மேல கலர்த் தாளு ஒட்டிப்புட்டா என்னத்தத் தெரியும்? வெடிச்சாச் சுக்குநூறாப் போயிரும். பாவம், அவுக மனசு நோகுமேன்னு நாங்க சொல்லல" என்றார்.

ஒரு தாளாவது மிச்சம் இருக்குமா என்று ஆட்களை வைத்துத் தேடிவிட்டேன். இல்லை. அத்தனையும் வெடித்துவிட்டது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
பல்கீஸ்

*

நாக்பூர்
24.10.2025

பல்கீசுக்கு, ஸலாம்.

நாங்கள் மூவரும் சுகம். பதில் எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ அனுப்பிய கட்டை நானும் வரி விடாமல் படித்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகும் உடனே எழுத முடியவில்லை. ஊரை விட்டு வந்த நாளிலிருந்து தீபாவளி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன். வெடிமருந்து வாசனை வந்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். தெருவைப் பெருக்கி அள்ளிய பிறகுதான் வெளியே தலை காட்டுவேன். அந்த மூன்று வருஷமும் அப்படித்தான் இருந்தேன். என் வாசலில் என் பேர் கிடந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இந்தத் தீபாவளிக்கு ருக்சானாவைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெடித்த தாளைக் குனிந்து குனிந்து பொறுக்கினேன். "என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்டாள். எல்லாம் இங்கிலீஷ் பேப்பர். ஒரே ஒரு துண்டில் தமிழ் இருந்தது, ஏதோ சேலைக்கடைத் தள்ளுபடி.

கோபிக்காதே பல்கீஸ். நான் வர வேண்டும் என்று நீ கட்டிய கதையோ என்று ஒரு மனசு சொல்கிறது. இல்லை, இதை யாராலும் கட்ட முடியாது என்று இன்னொரு மனசு சொல்கிறது. வருவதற்கு ஆசை இருக்கிறது. அத்தா முன்னால் போய் நிற்கப் பயமாகவும் இருக்கிறது. அத்தா வாயிலிருந்து ஒரு சொல் அச்சில் எனக்கு வேண்டும். ஒரே ஒரு தாள்.

உபைது

*

விருதுநகர்
12.11.2025

அண்ணே,

முதன்முதலாக "அத்தா" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் அவரிடம் படித்துக் காட்டினேன். மீதியையும் சொன்னேன், அச்சில் பார்த்தால்தான் நம்புவாய் என்று. "என்னைய மாதிரியே பெத்திருக்கேன்" என்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரையும் கூட வரச் சொல்லாமல் பேப்பர் ஆபீசுக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

விளம்பரம் வாங்கும் தம்பிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அய்யா, போட்டோவுல சின்னப் பையன் இருக்கான். வயசு நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கீகளே?"

"போகும்போது அப்படித்தாம்பா இருந்தான். இப்ப எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான விளம்பரம்?"

"இத்தன வருசம் கழிச்சா தேடுவாக?"

"இத்தன வருசமும் தேடுனேன். இப்பத்தான் பேப்பர்ல போடுறேன்."

அந்தத் தம்பி தானே எழுந்துபோய் மேலாளரிடம் பேசிச் சம்மதம் வாங்கி வந்தது. வாசகத்தை அத்தாவே எழுதினார். ஒரு எழுத்தை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இத்துடன் நேற்று வந்த பேப்பர் இருக்கிறது. ஐந்தாம் பக்கம் பார். ஒரிஜினல். நானே கடையில் வாங்கினேன்.

பல்கீஸ்

*

(பேப்பரின் ஐந்தாம் பக்கத்தில்)

காணவில்லை

பெயர் உபைதுல்லா. காணாமல் போனபோது வயது 17. இப்போது 46. மாநிறம். இடது புருவத்தில் தழும்பு இருக்கும், தராசுக் கோல் பட்டது. அடித்தது நான். 11.6.1996 அன்று விருதுநகரில் வீட்டை விட்டுப் போனான். தேடமாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். மறுநாள் காலையிலிருந்து தேடுகிறேன். கண்டவர்கள் தெரிவிக்கவும்.

அப்துல் குத்தூஸ், பேப்பர் ஸ்டோர், விருதுநகர்.

*

நாக்பூர்
19.11.2025

விளம்பரம் கொடுத்த அப்துல் குத்தூஸ் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கள் உடம்புக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். பேப்பரில் தாங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதில் சொல்லப்பட்ட ஆளை எனக்குத் தெரியும். புருவத்தில் தழும்பு இருக்கிறது, கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மாநிறம் என்று போட்டிருக்கிறீர்கள், கொஞ்சம் கறுத்துவிட்டார். முன்னந்தலையில் முடி இல்லை. போட்டோவை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் தேடினால் அடையாளம் தெரியாது. கையில் தங்கள் சாயலில் ஒரு சிறுமியைப் பிடித்துக்கொண்டு வருவார், அதை வைத்துக் கண்டுகொள்ளலாம். கூட அவர் மனைவியும் வருகிறார்.

கன்னியாகுமரி போகும் ரயிலில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வருகிற மாதம் ஐந்தாம் தேதி விருதுநகரில் இறங்குகிறோம். இந்தத் தடவை யாரும் தேட வேண்டியதில்லை. தாங்கள் ஸ்டேஷனுக்கு வந்து நின்றால் மட்டும் போதும், அத்தா.

இப்படிக்கு
தங்கள் மகன்
உபைதுல்லா